கெட்டியா என்று அமுக்கிப் பார்ப்பவர்

எதையும் அமுக்கிப் பார்க்காமல் நம்பவே மாட்டேன் என்கிற ஓர் இனம் நம்மிடையே உண்டு, வாசகரே. எங்கள் காக்களூர் தொழிற்பேட்டையில் அந்த இனத்துக்கு மூலபுருஷர் மோசஸ். இரும்பு எவ்வளவு கெட்டி என்று அளக்கும் மெஷினை இங்கே முதன்முதலாகக் கொண்டுவந்த இன்ஜினீயர் அவர்தான். அதுவரை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, "நல்லாத்தான் கீது" என்று சரக்கை அனுப்பிவிடுவார்கள். மோசஸ் ஒரு சின்னக் குண்டை இரும்பின்மேல் வைத்து அமுக்கி, விழுந்த பள்ளத்தை லென்ஸில் அளந்தார். பள்ளம் பெரிதென்றால் இரும்பு மட்டம். பேட்டையே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அதோடு நிறுத்தினாரா?

பொன்னேரி மார்க்கெட்டில் தக்காளியை அமுக்கினார், கடையில் விற்கிற மெத்தையை அமுக்கினார், ஊசி போட வந்த டாக்டரை எந்தக் காலேஜ் என்று அமுக்கினார், புதிதாக வந்த பாதிரியாரை பைபிளில் கேள்வி கேட்டு அமுக்கினார், அமுக்கி முடித்ததும் "சும்மா செக் பண்ணேன்" என்று சிரித்தார். எதிராளி சிரித்தாரா என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் அவர் மகள் ஹெலனைப் பெண் கேட்டு வந்தான் பென்னி, கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரியில் வேலை பார்ப்பவன். ஹெலனுக்கு அவன்மேல் உயிர். அவனுடைய அப்பா குடும்பத்தை விட்டு ஓடிப்போனவர். சரியாக அந்த இடத்தில் குண்டை வைத்தார் மோசஸ். அப்பா ஏன் ஓடினார் என்று முதல் தடவை கேட்டபோது பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த தடவை தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாவது தடவை, நீயும் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டபோது, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எழுந்து போனான்.

மோசஸுக்குப் பரம திருப்தி.

"பாத்தியா, இப்ப பள்ளமே வுழல. கெட்டியான பையன். கல்யாணத்த வச்சிக்கலாம்."

ஹெலன் அழுதுகொண்டே சொன்னாள்: "அமுக்குன எடத்துலயே மறுக்கா அமுக்குனா அந்த எடம் இறுகிப்பூடும், ரீடிங்கு தப்பா வரும்னு ஒர்க்‌ஷாப்ல நீதான நைனா கத்துவ? அவரு இறுகிப்பூட்டாரு. இனிமே நம்ம ஊட்டுக்கு வரமாட்டாரு."

மனிதர் ஆடிப்போய்விட்டார். மறுநாளே கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறி, ஃபவுண்டரி வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். நல்ல பிள்ளை, மன்னித்துவிட்டதாகச் சொன்னான். அப்படியே திரும்பியிருக்கக் கூடாதா?

"மெய்யாலுமே மன்னிச்சிட்டியா?" என்றார் மோசஸ்.

கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் "கோபமெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொன்ன பிறகும், "நிஜமாகவே இல்லையே?" என்று நேற்றுகூடக் கேட்டீர்களே, அதற்கு என்ன பெயர்?