ஷான்டுதாவுக்கு வாங்கிய மாலை

பிடித்த பாடகர் இறந்துபோனால் இருபது வயதில் அழலாம். எல்லோரும் முதுகைத் தடவிக் கொடுப்பார்கள். ஐம்பதைத் தாண்டி அழுதால், "பிரஷர் மாத்திரை போட்டுண்டியா?" என்றுதான் கேட்பார்கள். ஷான்டுதா இறந்த செய்தி டிவியில் ஓடியபோது என் கணவர் என்னிடம் அதைத்தான் கேட்டார்.

கல்கத்தாவில் ஷான்டுதா யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். (தா என்றால் அண்ணன்.) கிட்டாரும் கையுமாக வந்து, வங்காளியில் பாப் பாட்டுப் பாடி, எங்கள் தலைமுறையையே உருப்படாமல் செய்தவர். (உருப்படாமல் என்பது வங்கி அதிகாரியான என் அப்பாவின் தீர்ப்பு.) பாலிகஞ்ச் வீட்டில் நாங்கள் பேசியது கும்பகோணத்துத் தமிழ். ஆனால் காதலிப்பது எப்படி, கோபப்படுவது எப்படி என்பதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அவருடைய வங்காளியில்தான்.

அவரை நேரில் மட்டும் பார்த்ததில்லை. எங்கள் கல்லூரிக்கு அவர் பாட வந்த அதே சாயங்காலம்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தோழிகள் அங்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, நான் இங்கே சொஜ்ஜித் தட்டோடு நின்றேன். பிறகு பிரசவம், மாற்றல், மாமியாருக்கு வைத்தியம், பெண்ணின் பரீட்சை. இதே ஊரில்தானே இருக்கிறார், எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டேன். போய்விட்டார். முகத்தையாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

உயிரோடு இருந்தவரை இரண்டு பெரிய கட்சிகளையும் பாட்டிலேயே கிழித்துத் தொங்கவிட்டவர் அவர். அதனால் இரண்டு பேருமே அவரைத் தங்கள் மேடைப் பக்கம் அண்டவிடவில்லை. இறந்த அன்று பார்த்தால் இரண்டு பேருக்கும் அவர் கூடப் பிறந்த அண்ணன். ஆளுங்கட்சி ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைப்பதாக அறிவித்தது. நாங்கள் வந்தால் மேம்பாலத்துக்கே வைப்போம் என்றது எதிர்க்கட்சி. டாக்குரியா பக்கம் ஒரு மைதானத்தில் மேடை போட்டு அவரைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் யார் நிற்பது என்று காலையிலேயே தள்ளுமுள்ளு.

இங்கே அஞ்சலிக்குப் போகிறவர்கள் நாலைந்து சம்பங்கித் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடக்கமாகப் போவார்கள். எனக்கு அது போதுமா? பெரிய மனிதருக்கு மாலை வேண்டாமா? லேக் மார்க்கெட்டில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பூக் கட்டும் தமிழ்க்காரருக்குப் போன் போட்டேன். "நல்ல ரோஜாவா, ஆளுயரத்துக்கு, அவசரம்" என்றேன். யாருக்கு, எதற்கு என்று சொல்லத் தோன்றவில்லை. மூடிக் கட்டிய கூடையை அப்படியே வாங்கிக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

வரிசையில் நின்று கூடையைத் திறந்தால் உள்ளே இரண்டு மாலை. ஜரிகை சுற்றி, குஞ்சலம் வைத்து, பார்த்தாலே நாதஸ்வரம் கேட்கும். பூக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, ரெண்டு இருக்கு?"

"கல்யாண மாலைன்னா ஜோடியாத்தானே மாமி குடுக்கணும்? பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும்."

கணவர் குடையை விரித்துப் பிடித்தபடி, "ரெண்டையும் அவருக்கே போட்டுடு. ஒண்ணு நான் போட்டதா இருக்கட்டும்" என்றார்.

அதற்குள் ஒரு தொண்டர் மாலைகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "மாஷிமா, நீங்கள் தென்னிந்திய சங்கமா?" என்று வங்காளியில் கேட்டார். (மாஷிமா என்றால் சித்தி. என்னைவிட நாலு வயதுதான் சின்னவர் இருப்பார்.) வரிசை ரயில்வே கேட்டையும் தாண்டிப் போயிருந்தது. எந்தச் சங்கமானால் என்ன என்று தலையை ஆட்டினேன். என்னை மட்டும் நேரே மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். வரிசையில் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேடையில் ஷான்டுதாவைச் சுற்றித் தலைவர்கள் மதில் கட்டி நின்றார்கள். எனக்குத் தெரிந்தது வெள்ளைத் துணி போர்த்திய பாதம் மட்டும். ஒரே ஒருவர் நகர்ந்தால் முகம் தெரிந்துவிடும். மாலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஏக்டு ஷோருன்" என்றேன், கொஞ்சம் நகருங்களேன் என்று. முன்னால் நின்ற மந்திரி திரும்பினார். தன்னை நோக்கி ஒரு மாலை வருவதைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், கழுத்து தானாகக் குனிந்துவிட்டது.

குனிந்த கழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போட்டுவிட்டேன். பின்னால் இருந்த கூட்டம் இடம் பொருள் பாராமல் ஜிந்தாபாத் போட்டது.

"ஆர் ஆமாதேர் தாதா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. எங்கள் அண்ணனுக்கு மாலை இல்லையா என்று அர்த்தம். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். என்னால் ஒரு கலவரம் வேண்டாமே என்று இரண்டாவது மாலையை எதிர்க்கட்சித் தலைவர் கழுத்தில் போட்டேன். ஜென்மப் பகைவர்கள் இருவரும் ஒரே மாதிரி கல்யாண மாலையோடு, பக்கத்தில் பக்கத்தில், அத்தனை டிவி கேமராவுக்கும் முன்னால் நின்றார்கள். அட்சதை போடாததுதான் குறை.

"ஹோயே கேச்சே, மாஷிமா", ஆயிற்று போங்கள் என்று என்னை அந்தப் பக்கத்துப் படி வழியாக இறக்கிவிட்டார்கள். நான் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவரை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியே கணவர் எனக்காகக் காத்திருந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"பாத்தேன்டி. எல்லாரும் உன் மாலையைப் பாத்துண்டு நின்னப்போ வரிசையைத் தலைமாட்டுப் பக்கமா சட்டுனு விட்டுட்டா. தூங்கற மாதிரி இருந்தார். நீ கிட்டக்கயே நின்னியே, நன்னா பாத்தியோ?"

ஷான்டுதாவின் ஒரு பாட்டுக்குக்கூட அர்த்தம் தெரியாத மனுஷர் அவர். பெண் பார்க்க வந்து என் கச்சேரியைக் கெடுத்தவரும் அவர்தான். நடுத்தெருவில் நின்று அழுதேன். அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அதற்குக் கட்சிக் கல்யாணம் என்று பெயர் விழுந்துவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாலை மாற்றும் நேரத்தில் என் பெண் ஓடி வந்து அப்பாவிடம், "பாபா, அம்மாவோட கையைப் பிடிச்சுக்கோ. யார் குனிஞ்சாலும் போட்டுடுவா" என்பாள். பந்தலே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "முகம் எப்படி இருந்தது, சொல்லுங்கோ" என்பேன். "எத்தனை தடவைடி?" என்று அலுத்துக்கொண்டே சொல்வார். முதலில் தூங்குகிற மாதிரி என்று மட்டும்தான் சொன்னார். இப்போதெல்லாம் உதட்டில் லேசாகச் சிரிப்பு இருந்தது என்கிறார். சிரிப்பு அவர் எனக்காகச் சேர்த்தது என்று தெரியும். இருந்தாலும் அந்த இடம் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.