எங்கள் வீட்டுக் கடைசி பெஞ்சு அக்கா

மைனஸை மைனஸால் பெருக்கினால் எப்படி ப்ளஸ் வரும்? எனக்கு இன்றுவரை பதில் தெரியாத கேள்வி இது. அதை என்னிடம் கேட்ட மாணவிக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். மைசூரில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் உண்டு. அவரைப் போல் அடங்காத மாணவியை ஒரு பள்ளியும் பார்த்திருக்காது. பார்த்தது எங்கள் வீட்டு ஹால் மட்டும்தான்.

என் கணவருக்கு மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, ஈரோட்டிலிருந்து நாங்கள் வந்த புதிது. கன்னடம் தெரியாததால் பெரியவள் வித்யாவை இரண்டு வகுப்பு இறக்கித்தான் சேர்ப்போம் என்றார்கள் பள்ளிக்கூடத்தில். "குட்டிப் பசங்களோட உக்கார மாட்டேன்" என்று அவள் அழுதாள். "அப்ப நானே சொல்லித் தர்றேன்டி" என்று நான் வாயை விட்டேன். ஈரோட்டுக்குப் போய்த் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுவது என்று முடிவானது. சின்னவள் சுமதியும் பாயில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் பி.ஏ. வரலாறு. கணக்குக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. வித்யா ஃபெயிலானால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும், காரணம் நான்தான். அந்தப் பயத்துடன்தான் தினமும் சாக்பீஸை எடுப்பேன்.

கீழ் வீட்டு அக்கா சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். கணவருக்கு மண்டி மொஹல்லாவில் பாத்திரக்கடை.

"ஏன் இதுங்க ஸ்கூலுக்குப் போகல?"

"நான்தான் வீட்லயே நடத்தறேன்க்கா."

"ஹௌதா, அப்படியா! அப்ப நானும் சேர்ந்துக்கறேன். என்னை எட்டாவதோட நிறுத்திட்டாங்க."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு மர பெஞ்சைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். தரையில் உட்கார அக்காவின் முழங்கால் விடாதாம். பெண்களுக்குப் பின்னால் பெஞ்சைப் போட்டு, இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் கடைசி பெஞ்சு அக்கா.

அசோகர் கலிங்கத்தின் மேல் படையெடுக்கும்போது பின்னாலிருந்து கடக் முடக் என்று சத்தம் வரும். "யாரது தின்றது?" என்று திரும்பினால், வாய் நிறையக் கோடுபளே முறுக்கோடு, "நான் இல்ல மிஸ், சுமதி" என்பார். ஒருநாள் சுமதியிடம் லீவ் லெட்டர் கொடுத்தனுப்பினார். கடும் ஜுரமாம்.

"ஜுரத்தோட மல்லிப்பூ வெச்சுக்கிட்டு ஆட்டோல ஏறினீங்களே, மாடியிலேர்ந்து பார்த்தேன்" என்றேன் மறுநாள்.

"டாக்டர்கிட்டதான் மிஸ் போனேன்."

"எந்த டாக்டர்?"

"பேரு தெரியல. இன்டர்வெல்ல பாப்கார்ன் விக்கறாங்க அங்க."

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவர் கேட்கும் கேள்விகளைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஸ்ஸ்" என்று முனகிவிட்டு உடனே கையைத் தூக்குவார். யோசிப்பது அவருக்கு அவ்வளவு வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வேன். மைனஸ் கேள்வியையும் அப்படித்தான் கேட்டார்.

"அது ரூல்க்கா" என்றேன்.

"எங்க வீட்ல நானும் மைனஸ், அவரும் மைனஸ். ஒருநாளும் ப்ளஸ் ஆகலியே மிஸ்!"

பெண்கள் இருவரும் பாயில் உருண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, இது விளையாட்டில்ல. பொண்ணு பத்தாவது எழுதறா. நாளையிலேர்ந்து வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அக்கா பென்சில் டப்பாவை மூடினார். "டி.சி. குடுப்பீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு பாடம் ரயில் போல ஓடியது. "புரிஞ்சுதா?" என்பேன், வித்யா தலையாட்டுவாள். ஒரு வாரத்தில் அல்ஜீப்ராவையே முடித்துவிட்டேன். பெருமையோடு ஒரு டெஸ்ட் வைத்தேன். பாதித் தாள் வெள்ளையாகத் திரும்பி வந்தது.

"எல்லாத்துக்கும் தலையாட்டினியேடி!"

சுமதிதான் போட்டுக் கொடுத்தாள். "ம்மா, அவளுக்குப் புரியலைன்னா பின்னால கைய விட்டு ஆன்ட்டி கால் கட்டைவிரலைக் கிள்ளுவா. உடனே ஆன்ட்டி கேட்டுடுவாங்க."

"ஏன், அம்மாகிட்ட கேட்டா என்னடி?"

"கேட்டா உன் மூஞ்சியே மாறிடுதும்மா" என்றாள் வித்யா. "உனக்குத் தெரியலைன்னா அழற மாதிரி ஆயிடறே. அப்பாகிட்ட, பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்னு சொல்றே. ஆன்ட்டி கேட்டா திட்டத்தானே செய்யறே, அது பரவால்ல."

நான் கீழே இறங்கிப் போனேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கிளாஸுக்கு வாங்கக்கா."

"துரத்தின பிள்ளையை எப்படி மிஸ் சும்மா சேர்ப்பீங்க? பேரன்ட் வரணும், கையெழுத்துப் போடணும். ரூல் இருக்கில்ல?"

மறுநாள் கடை திறக்கும் அவசரத்திலும் அவர் கணவர் எங்கள் வாசலில் வந்து கைகட்டி நின்றார். "இனிமே ஒழுங்கா இருப்பா மேடம். தின்றதை மட்டும் என்னால நிறுத்த முடியாது."

வந்து உட்கார்ந்ததும் அக்கா "ஸ்ஸ்" என்றார். கையைத் தூக்கினார். அதே மைனஸ். நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். "எனக்கும் தெரியலக்கா" என்றேன். "அப்பாடா! மிஸ்ஸுக்கும் தெரியாதாம்!" என்று அக்கா கைதட்ட, வித்யா முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

வித்யா பாஸானாள். கணக்கில் நூலிழையில்தான். அக்கா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்து, "எங்க கிளாஸ் பாஸ்!" என்று சொல்லிக்கொண்டே போனார்.

போன வருடம் அவர் கணவர் கடையைக் கொள்ளேகாலுக்கு மாற்றிக்கொண்டார். அக்காவும் போய்விட்டார். இப்போது சுமதி பத்தாவது. அவளும் நான் எதைச் சொன்னாலும் நன்றாகத் தலையாட்டுகிறாள். அவளுக்குக் கிள்ளக் கால் இல்லை. நான் கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இயல்பாக வைத்துப் பழகிப் பார்க்கிறேன்; அது இன்னும் பயமாக இருக்கிறதாம்.

பிள்ளை கேள்வி கேட்டால் முகம் மாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? தெரிந்த அம்மாக்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதோடு, இப்படி ஒரு அக்கா உங்கள் தெருவில் இருந்து, அவர் வீட்டு மாடியும் காலியாக இருந்தால், வாடகை எவ்வளவானாலும் அதையும் எழுதுங்கள். நாங்கள் குடிவந்துவிடுகிறோம்.