ஒமாகா வருவதற்குள்

ஒமாகா வருவதற்குள் மனைவி கொரீனைச் சமாதானப்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் லைலின் கதை கந்தல்தான்.

"ஒமாகாவுல என்னை என் தங்கச்சி வீட்டுல இறக்கி விட்டுடு. நீயும் உன் பொண்ணும் பியோரியா வீட்டுக்குப் போய்ச் சேருங்க. நான் வரல" என்று சொல்லிவிட்டு, கேரவனின் பின்பக்கப் படுக்கையில் போய்த் திரையை இழுத்து மூடிக்கொண்டவள்தான். கொரீன் சொன்னால் செய்துவிடுவாள். அதுதான் பயம்.

பாவம், அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வயோமிங்கில் காட்டுக்குதிரைகளைப் பார்க்க வேண்டும். மேற்கே போகும்போது, "திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம்" என்றான் லைல். திரும்பி வந்தபோது, வாயில் டோனட்டைக் கவ்விக்கொண்டு அந்தத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டான். "எவ்வளவு நேரம் மிச்சம் பாரு" என்று பெருமை வேறு. யெல்லோஸ்டோன் வரை போய், வெந்நீர் ஊற்று பீறிடுவதற்குள் வண்டியைக் கிளப்பிய புண்ணியவான் அவன். மூன்று வாரமாக இதே கூத்து.

"குதிரை பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. கழுதையோடதானே கிளம்பினேன்" என்று திரைக்குள்ளிருந்து சொன்னதுதான் கொரீன் கடைசியாகப் பேசியது.

நெப்ராஸ்காவில் நுழைந்ததும் பெட்ரோல் போட நிறுத்தினான். "யாரும் இறங்கக் கூடாது. அஞ்சே நிமிஷம்" என்றான். அதற்கு முன்பே கிளம்பியும் விட்டான்.

மகள் மேரன் முன்சீட்டில், காதில் இயர்போனோடு, சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பதினாலு வயது. எதைக் கேட்டாலும் "ம்" என்பாள்.

லைல் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் குரல் கொடுத்தான். "கொரீன், காலையில நான் செஞ்சது தப்புதான்."

பதில் இல்லை.

"அம்மா தூங்கறாளா?" என்று மகளைக் கேட்டான்.

"இல்ல. முழிச்சுதான் இருக்காங்க."

"கோவமா?"

"இருக்காதா பின்னே? சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்காங்க."

லைலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மனசு விட்டுப் பேசினால் இளகுவாள் என்று நினைத்தான்.

"கொரீன், ஒண்ணு சொல்லிடறேன். யூட்டாவுல உன் தொப்பி காத்துல பறக்கல. ஓட்டல் மேசையிலயே கிடந்துச்சு. திரும்பிப் போனா அரை மணி நேரம் வீணாப் போயிடுமேன்னுதான்..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. அவசர அவசரமாக அடுத்ததற்குத் தாவினான்.

"உன் தங்கச்சியைக் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடு. மாசக்கணக்கா இருக்கட்டும். போன தடவை அவ வந்தப்ப முதுகுவலின்னு படுத்தேனே, அது வந்து..."

நிறுத்திக்கொண்டான். ஆனால் அதற்குள் முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது. மேரன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஒமாகாவுக்கு இன்னும் முந்நூறு மைல் என்றது பலகை. லைலுக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. அவள் இல்லாத அந்த வீட்டை நினைத்துப் பார்த்தான். கையில் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"படகை வித்துடறேன்."

பெண்டாட்டிக்குக்கூட அத்தனை முறை துணி வாங்கிக் கொடுத்ததில்லை, அந்தப் படகுக்கு அத்தனை முறை பெயின்ட் அடித்திருக்கிறான்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். திரை அப்படியே கிடந்தது.

இனி தாங்காது என்று வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் போய்த் திரையை விலக்கினான்.

தலையணை இருந்தது. கசங்கிய போர்வை இருந்தது. கொரீன் இல்லை.

லைலுக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் போட்ட இடம். அவன் பம்ப் பக்கம் நின்றபோது மறுபக்கக் கதவு வழியாக இறங்கியிருக்கிறாள். நேரத்தை மிச்சம் பிடித்துப் பிடித்து, கட்டினவளையே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"மேரன், அம்மாவை விட்டுட்டு வந்துட்டோம்டீ. நூறு மைலுக்கு மேல ஆச்சு. போலீசைக் கூப்பிடு, யாரையாவது கூப்பிடு" என்று அலறினான்.

மேரன் நிதானமாக ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

"கத்தாதீங்கப்பா. அங்கிருந்து கிளம்பினதுலேர்ந்து அம்மா லைன்லதான் இருக்காங்க. படகுக்கு அப்புறம் என்னன்னு கேக்கறாங்க."