தொட்டில் கேட்ட இடத்தில் தொட்டி வந்த விவரம்

தல்லாகுளம், மதுரை
8-8-1979

மகா கனம் பொருந்திய மாமா வெள்ளைத்துரை அவர்களின் சமூகத்திற்கு, மருமகன் நல்லகாமன் பணிந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் மகள் ஜெயக்கொடியும் பேரன் சின்னக்காளையும் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் அத்தையும், எருமைகள் இரண்டும், காலில் அடிபட்ட சேவலும் சுகமாக இருக்க அழகர் அருள் புரியட்டும்.

தங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. "பத்து மாசப் பிள்ளைய வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் மில்லுக்குப் போறது குடும்பமா? ஆவணி பிறக்குறதுக்குள்ள உங்கள்ல ஒருத்தர் வேலைய விட்டுட்டுப் பிள்ளையப் பாக்கணும். இல்லாட்டி எம் மகளையும் பேரனையும் நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்று எழுதியிருந்தீர்கள். ஒருத்தர் என்று பொதுவாக எழுதினாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு விவரம் உண்டு. ஜெயக்கொடி அதை இரண்டு தடவை படித்தாள். எட்டு வருஷமாக நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கிறவள், நான் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட ஷிப்ட் முடித்துவிட்டு வந்து காபி கொடுத்தவள் என்பது தங்களுக்குத் தெரியும். "வேலைய விட மாட்டேன்னு எங்க அய்யாவுக்கு எழுதுங்க. ஆனா அவருக்குக் கோவம் வராம எழுதுங்க" என்றாள். இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் எப்படிச் செய்வது என்று ஒரு வாரமாக விழித்தேன். இப்போது எங்கள் மில்லிலேயே பிள்ளைகள் காப்பகம் வந்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

அது வந்த கதையைக் கேளுங்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் மில்லில் பிள்ளைகளுக்கு ஓர் அறையும், பார்த்துக்கொள்ள ஆளும், தாய்மார் பால் கொடுக்க இடைவேளையும் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் மானேஜர் சட்டத்தை மதிக்கிறவர். அதனால்தான் ரிஜிஸ்தரில் சரியாக முப்பது பெண்களோடு நிறுத்திவிட்டார். முப்பத்தொன்றாவதாகச் சேர்ந்த ஒச்சாயியை ஒச்சப்பன் என்று ஆண்கள் கணக்கில் எழுதச் சொன்னார். போன மாதம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து பேர் கூப்பிட்டார். ஒச்சப்பன் என்றதும் ஒச்சாயி இடுப்பில் பிள்ளையோடு வந்து "உள்ளேன் அய்யா" என்றாள். எழுத்துப்பிழை சார் என்று மானேஜர் சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அந்தப் பிழையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் காப்பகம் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தேவையான சாமான்களுக்கு ஆபீஸ் டைப்பிஸ்டாகிய நான்தான் பட்டியல் அடித்தேன். எங்கள் தமிழ் டைப்ரைட்டரில் 'ல' எழுத்து உடைந்து இரண்டு வருஷம் ஆகிறது. 'ல' வரும் இடங்களில் இடம் விட்டு அடித்து, பிறகு பேனாவால் எழுதி நிரப்புவது என் வழக்கம். அன்றைக்கு இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. சின்னக்காளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு அக்கா சிம்மக்கல் பக்கம் குடிபோய்விட்டதால், அவனை ஆபீசுக்குக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் காகிதக் கூடையில் உட்கார வைத்திருந்தேன். ஜெயக்கொடி நூல் சுற்றிக்கொண்டே ஆபீஸ் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் முதலில் கார்பன் பேப்பரைத் தின்று வாயெல்லாம் கறுப்பாக்கினான். பிறகு என் பேனாவைப் பிடுங்கினான். பதினேழு இடத்தில் 'ல' எழுதியிருந்தேன். பதினெட்டாவது இடத்தில் எழுத வேண்டிய பேனா அவன் வாயில் இருந்தது. மானேஜர் வரும் சத்தம் கேட்டு, காகிதத்தை அப்படியே ஸ்டோருக்கு அனுப்பிவிட்டேன். 'தொட்டில் பத்து' என்று இருக்க வேண்டியது 'தொட்டி பத்து' என்று போய்விட்டது.

ஸ்டோர் கீப்பர் ராயப்பன் அண்ணன் காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிற மனிதர். ஆனாலும் ஒரு வார்த்தை போனில் கேட்டார், எப்படிப்பட்டதாக வேண்டும் என்று. "எம்புட்டு ஆட்டினாலும் ஒண்ணும் ஆகக்கூடாதுண்ணே, நல்லாக் கெட்டியா இருக்கணும்" என்று சொன்னேன். கெட்டியாகத்தான் வாங்கிவிட்டார். கெடு முடிகிற அன்று காலையில் லாரி வந்து நின்றது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்டுத் தொட்டி, பத்து. இறக்குவதற்கு ஆறு ஆட்கள் வேண்டியிருந்தது. ஒன்றை மானேஜர் காருக்கு முன்னால் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். கார் மத்தியானம் வரை நகரவில்லை.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். இது என்ன என்றார். தொட்டி சார் என்றேன். நான் என்ன கேட்டேன் என்றார். தொட்டில் சார் என்றேன்.

"அந்த 'ல்' எங்கய்யா?"

உங்கள் பேரன் சாப்பிட்டுவிட்டான் என்று எப்படிச் சொல்வது மாமா? வேலை போய்விடும், அவளுக்கும் சேர்த்துப் போய்விடும் என்று பயந்தேன். இனி தொட்டிலுக்கு நேரமில்லை, சாயந்திரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். தாய்மாரை அனுப்பிவிடுகிறேன், பிள்ளைகளே இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன் என்று மானேஜர் கணக்குப் போட்டார்.

ஆனால் ஒச்சாயி அதற்குள் ஒரு தொட்டியைக் கழுவி, அடியில் கழிவுப் பஞ்சைப் பரப்பி, மேலே பழைய சேலையை மடித்துப் போட்டு, தன் பிள்ளையை உள்ளே இறக்கிவிட்டாள். அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூட்டத்தில் பேச நிற்கிற தலைவர் மாதிரி எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தான். வெளியே ஏறி வர முடியவில்லை, விழவும் இல்லை. அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் எட்டுத் தொட்டியில், காப்பகம் திறக்கிறது என்று தாய்மார் தூக்கி வந்திருந்த எட்டுப் பிள்ளைகள். சின்னக்காளைக்கு மூன்றாவது தொட்டி கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் வந்து ஒரு தொட்டியை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. இது ஆடாதா என்று கேட்டார். சேஃப்டி சார், லேட்டஸ்ட் மாடல் என்றார் மானேஜர். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கைக்குழந்தைகளுக்கு இரண்டு மாதத்தில் நிஜமான தொட்டில் வர வேண்டும், தவழ்கிற பிள்ளைகளுக்கு இதுவே இருக்கட்டும் என்று எழுதினார். பால், துணி துவைக்கச் சோப்பு, இரண்டு வேளை பால் கொடுக்க இடைவேளை எல்லாம் அன்றைக்கே உத்தரவாகிவிட்டது.

மறுநாள் பத்து மணி இடைவேளையில் ஜெயக்கொடி வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கொடுத்து முடித்து, அவனைத் தொட்டியில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மிஷினுக்குப் போனாள். பத்து மாதத்தில் அவள் திரும்பிப் பார்க்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ஆகையால் மாமா, தாங்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். காப்பகத்துக்கு நல்ல பொறுப்பாளரையும் போட்டாகிவிட்டது. படித்த ஆள், வெற்றிலை போடாத ஆள், பிள்ளைகளைக் கைநீட்டி அடிக்காத ஆள். தங்கள் மகள் வேலையில் நீடிக்க மனப்பூர்வமாக ஆசி கூறும்படி கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு எங்கள் வணக்கம். சேவலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டவும்.

இப்படிக்கு,
தங்கள் பாதம் பணியும் மருமகன்,
நல்லகாமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஜெயக்கொடி வாங்கிப் படித்துவிட்டாள். "பொறுப்பாளர் யாருன்னு எழுதாம விட்டுட்டீங்களே. அய்யா நேர்ல கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். ஆயா கிடைக்கும் வரை நீயே பார் என்று மானேஜர் தண்டனையாக என்னை அங்கே உட்கார வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோது, தொட்டியில் இருக்க மாட்டேன் என்று அழுத பிள்ளைகளில் என் தோளில் ஒன்று, மடியில் ஒன்று, முதுகில் ஒன்று. இங்கே இன்சார்ஜ் யார் என்று கேட்டார். எல்லாப் பெண்களும் என்னைக் கை காட்டினார்கள். அவர் என் பேரைப் புத்தகத்தில் மையால் எழுதிவிட்டார். அவர் எழுதியதை மாற்ற மானேஜருக்குத் தைரியம் இல்லை. ஆபீசில் என் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. அவருக்குப் புது 'ல' வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, ஆவணி பிறப்பதற்குள் எங்களில் ஒருத்தர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்ற தங்கள் உத்தரவு, ஒன்பது நாள் முன்னதாகவே நிறைவேறிவிட்டது. தாங்கள் நினைத்த ஒருத்தர் இல்லை, அவ்வளவுதான்.