கச்சான் முடியட்டும்

"கச்சான் முடியட்டும் தம்பி, பிறகு கதைப்பம்."

ஆன்சலாவைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்ட பிரசாந்தனுக்கு அவளுடைய தகப்பன் கொன்ஸ்ரன்ரைன் சொன்ன பதில் அவ்வளவுதான். பிரசாந்தன் தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினான். சிலாவத்தைக் கடற்கரையிலிருந்து தன் ஊரான முள்ளியவளை வரைக்கும் சில்லு நிலத்தில் முட்டவேயில்லை. "மாட்டன்" என்று மனிசன் சொல்லவில்லையே!

ஆனால், அவனுடைய தோட்டத்துக் கச்சான் கடலை பிடுங்க இன்னும் ஒரு மாதம் கிடந்தது. ஆன்சலாவுக்குப் பூநகரியிலிருந்து ஒரு சம்பந்தம் வருகிறதென்றும் கேள்வி. பொறுப்பானா? மறுநாளே முழுத் தோட்டத்தையும் பிடுங்கித் தள்ளினான்.

"பேயா, இன்னும் பருப்பு வைக்கேல்லையடா!" என்று தாய் விமலேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு சாக்குக் கச்சானைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினான்.

"ஐயா, கச்சான் முடிஞ்சுது!"

கொன்ஸ்ரன்ரைன் ஒன்றை உடைத்துப் பார்த்தார். வெறும் கோது.

"இதையேன் தம்பி புடுங்கினனீர்?"

வாசலில் நின்ற ஆன்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். பிரசாந்தனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாக்கைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டம்.

வழியில், கடற்றொழில் செய்யும் சிநேகிதன் அன்ரன் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"விசரா! கடல்காரருக்குக் கச்சான் எண்டால் மேற்கிலையிருந்து அடிக்கிற காத்தடா! அது ஓய்ஞ்சாப் பிறகுதான் கலியாணக் கதை எடுப்பினம்."

அட கடவுளே! கொடியென்றால் பிடுங்கலாம், காற்றை எப்படிப் பிடுங்குவது? பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தான்; காற்றுக் கூடியது. மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினான். காற்று வந்து அதையும் அணைத்தது. விடிந்தால் பொழுதுபட்டால் தென்னோலையைப் பார்ப்பதே அவனுக்கு வேலையாகிவிட்டது.

கடைசியில் ஒருநாள் ஓலை அசையவில்லை. பறந்தான்.

"ஐயா, கச்சான் முடிஞ்சுது!"

"திரும்பியும் புடுங்கிப்போட்டீரோ?" கொன்ஸ்ரன்ரைன் பயந்தேபோனார்.

"இல்லை ஐயா, காத்து! கச்சான் முடியட்டும், பிறகு கதைப்பம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

கொன்ஸ்ரன்ரைன் முழித்தார். குசினியிலிருந்து ஆன்சலாவின் தாய் கிறேஸ் அகப்பையோடு வெளியே வந்தாள்.

"ஐயோ தம்பி, அண்டைக்கு நீர் வாய் நிறையக் கச்சானை அடைஞ்சுகொண்டெல்லோ பொம்பிளை கேட்டனீர்! அதைச் சப்பி முடியட்டும் எண்டுதான் இவர் சொன்னவர். 'ஓம்' எண்டு சொல்ல வாய் திறக்க, உம்மைக் காணேல்லை!"