சுற்றுகிறது, பற்றவில்லை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, வணக்கம்.

நானும் தங்கள் தங்கையும் நலம். அவளுக்கு என்மீதுள்ள கோபத்தை உடல்நலக் குறைவாகக் கொள்ளலாமா என்பதில் தெளிவில்லாததால் அதை இங்கே சேர்க்கவில்லை. தங்கள் நலத்தை விசாரிப்பதே முறை. ஆயினும் இக்கடிதத்தைப் படித்து முடித்தபின் தாங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதே முக்கியமாதலால், அந்த விசாரிப்பைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். நாளை மாலை விமானம் ஏறுமுன் இதை முழுவதும் படித்துவிட வேண்டுகிறேன். உட்கார்ந்து படிப்பது நல்லது.

செய்தி இதுதான்: தங்கள் சிவப்பு வண்டி, அந்தப் பழைய கார், கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. வருகிற திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் தங்களுக்குத் திருமணம். சென்ற முறை ஊருக்கு வந்தபோது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன தாங்கள், பிடுங்கியவரையே மணக்க முடிவு செய்து திரும்பியதில் எங்களுக்கெல்லாம் எவ்வளவு மகிழ்ச்சி என்பது தாங்கள் அறிந்ததே. ஐம்பத்தேழு வயதுவரை எவர் சொல்லியும் அசையாத ஆள், ஒரு பல்லுக்கு அசைந்தீர்கள். ஆனால் பல் மருத்துவர் தங்களிடம் ஒரு நிபந்தனை விதித்திருப்பதாகத் தாங்களே தொலைபேசியில் கூறினீர்கள். "அந்தச் சிவப்பு வண்டியை எடுத்துட்டு வாசல்ல வந்து நின்னாத்தான் நான் வருவேன்னு சொல்லிட்டா. வண்டி உங்க கையிலதான் இருக்கு, பாத்துக்குங்க" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைவு. ஒருவரின் திருமணம் நடப்பதும் நடக்காமல் போவதும் என் வீட்டு வண்டிக் கொட்டகையில் நிற்கிறது என்றால், பொறுப்புள்ள எவனுக்குத்தான் தூக்கம் வரும்?

வண்டியை என்னிடம் ஒப்படைத்தபோது, "உங்ககிட்ட விட்டா ஒரு ஆணிகூட இடம் மாறாது" என்றீர்கள். அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வராமல் வாரந்தோறும் ஞாயிறு காலை உறையை நீக்கி, எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, மீண்டும் உறையிட்டு வந்தேன். சென்ற ஞாயிறு அது ஓடவில்லை. நான் பதறவில்லை. தராசுத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இத்தனை ஆண்டுகள் இருப்பவன் பதறக்கூடாது. எங்கள் பிரிவில் பழுது காண்பதற்கு ஒரு நெறி உண்டு: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பலன் இல்லையென்றால் புதியதைக் கழற்றிவிட்டு, பழையதை அதே இடத்தில் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் எது எதனால் நேர்ந்தது என்றே தெரியாமல் போகும். தாங்கள் டிக்கியில் வைத்திருந்த உதிரி பாகப் பெட்டியைத் திறந்தேன். பேட்டரிக்கு மின்னேற்றிப் பார்த்தேன், சுற்றியது, பற்றவில்லை. பிளக்குகளை மாற்றினேன், பற்றவில்லை, பழையவற்றைப் பொருத்தினேன். மின்சாரத்தைப் பெருக்கித் தரும் காயிலை மாற்றினேன்; பற்றவில்லை; பழையதைப் பொருத்தினேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை மாற்றினேன். எஞ்சின் ஒருமுறை இருமியது. தங்கள் தங்கை கைதட்டினாள். இருமல் என்பது ஓட்டம் ஆகாது என்று அவளுக்கு விளக்கினேன். ஓடியதா, ஓடவில்லையா என்ற இரண்டே விடைகள்தாம் எங்கள் பிரிவில் உண்டு. மூடியைக் கழற்றிப் பழையதைப் பொருத்தினேன். பிறகு பெட்ரோல் பம்பை இயக்கும் ரிலேயை மாற்றினேன். இருமல்கூட இல்லை. அதையும் கழற்றினேன்.

"என்னங்க, பெட்டியில இருக்கிற எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிப் பாத்தா என்ன?" என்றாள் தங்கள் தங்கை.

"அப்படிச் செய்து வண்டி ஓடிவிட்டால்?"

"ஓடிட்டா ஓட்டிட்டுப் போவோம். அதுக்குத்தானே வண்டி?"

"எது காரணம் என்று தெரியாமலா?"

"எங்கண்ணனுக்குக் கல்யாணம் ஆகணும். காரணம் யாருக்கு வேணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அன்றிலிருந்து அவசியமானதை மட்டும் பேசுகிறாள். அந்த அவசியமானதும் பெரும்பாலும் தங்களைப் பற்றியே இருக்கிறது.

செவ்வாயன்று மெக்கானிக்கை அழைத்தேன். பழைய வண்டிகளில் தேர்ந்தவர் என்று பெயர். கருவிப் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு நீளமான திருப்புளி மட்டும். அதன் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நெடுநேரம் கேட்டார். எனக்குக்கூட அது ஏதோ ரகசியம் சொல்வதுபோல் தோன்ற ஆரம்பித்துவிட்டது. "சார், இதுக்கு உயிர் இருக்கு, மனசு இல்ல" என்றார். அளக்கக்கூடிய ஏதேனும் ஒன்றைச் சொல்லும்படி கேட்டேன். "கார்புரேட்டர் சார். சந்தேகமே இல்ல. கழட்டி, ஊறவெச்சு, உலரவெச்சு, அடுத்த வாரம் மாட்டித் தரேன்" என்றார். அடுத்த வாரம் என்றால் திங்கட்கிழமை கழிந்துவிடும் என்றேன். "அப்ப கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்குங்க, கார்புரேட்டரைத் தள்ளி வைக்க முடியாது" என்றார். கார்புரேட்டர் மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கேட்டேன். தம் காதைத் தொட்டுக் காட்டினார். அவரை வாசல்வரை மரியாதையாக வழியனுப்பினேன்.

இதையெல்லாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் எங்கள் வீட்டில் குடியிருப்பவர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். இன்று பிற்பகல் பொறுக்கமாட்டாமல் இறங்கி வந்துவிட்டார். "தம்பி, வண்டிக்குப் பரீட்சை வெச்சுக்கிட்டே இருந்தா அது எப்ப பாஸாகும்? தள்ளுங்க. ரெண்டாவது கியர்ல போட்டு கிளச்சை விட்டா தன்னால எந்திரிக்கும். நான் எத்தனை பஸ்ஸை எழுப்பியிருக்கேன்!" என்று சொல்லி, நான் சம்மதிக்குமுன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துவிட்டார். தள்ளுவதற்கு எதிராக என்னிடம் விதி எதுவும் இல்லாததால் நான் தள்ளினேன். தங்கள் தங்கையும் தள்ளினாள். எங்கள் தெரு சரிவானது என்பது அந்த நேரத்தில் எங்கள் மூவருக்கும் நினைவில்லை. எஞ்சின்தான் ஓடவில்லையே தவிர வண்டி மிக நன்றாக ஓடியது. சத்தமே இல்லாமல், எங்களைப் பின்னால் விட்டுவிட்டு, ஒரு படகைப் போலப் போனது. "பிரேக்கு! பிரேக்கு!" என்று நான் கத்தியது எங்கள் தெருவில் இதுவரை எவரும் கேட்டிராத குரல் என்கிறார்கள். அவர் பிரேக் பிடித்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சரிவு முடிகிற இடத்தில்தான் பிடித்தார். சரிவு எங்கே முடிகிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பல் டாக்டரின் கிளினிக் வாசலில்.

யாருக்கு இந்தச் செய்தி எட்டவே கூடாது என்று ஐந்து நாளாகப் பாடுபட்டேனோ, அவருடைய வாசற்கதவையே மறித்துக்கொண்டு வண்டி நின்றது. நல்லவேளையாக அவர் உள்ளே யாரோ ஒருவரின் வாய்க்குள் கவனமாக இருந்தார். கன்னம் வீங்கிய ஒரு நோயாளி, வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர், கேட்காமலே தோள்கொடுத்து வண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஏதோ அறிவுரை கூறினார். பஞ்சு காரணமாக அது எனக்குப் புரியவில்லை. வரவேற்பிலிருக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரைப் பாக்கணுமா சார்? டோக்கன் வாங்கியாச்சா?"

"எனக்கு வலி ஒன்றும் இல்லை அம்மா."

"அப்புறம் ஏன் சார் முகம் இப்படி இருக்கு?"

பேருந்து ஓட்டுநர், "டயர்ல காத்து கம்மி, அதான் எந்திரிக்கல" என்று சொல்லியபடி நடந்தே வீடு திரும்பிவிட்டார். நான் தங்கள் தங்கையை அனுப்பி உறையைக் கொண்டுவரச் செய்து, வண்டியை முழுவதும் மூடி, யாரும் திறந்து பார்த்துவிடக்கூடாதே என்று நானும் உள்ளே அமர்ந்துகொண்டேன். இக்கடிதத்தைக் கைப்பேசியில் அவ்வாறே, உறைக்குள், ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுதுகிறேன். வெப்பம் சற்று அதிகம்.

ஆக, என் முடிவுகளைத் தெரிவிக்கிறேன். பெட்டியிலுள்ள ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதித்து, அவற்றில் எதுவும் இப்பழுதுக்குக் காரணமன்று என்று நிறுவிவிட்டேன். எனவே கோளாறு எஞ்சினின் உட்புறத்திலேயே இருக்க வேண்டும்; திங்களுக்குள் அதைச் சரிசெய்ய இயலாது. இந்த வண்டி தங்கள் திருமணத்திற்கு வராது என்பதை மிகுந்த வருத்தத்துடன் உறுதிப்படுத்துகிறேன். இதை டாக்டரிடம் நான் சொல்வது முறையாகாது. தாங்களே, தங்கள் வாயால், பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் மனம் மாறிவிட்டால் அந்தப் பழி என்னைச் சாரட்டும், பொறுப்பேற்றவன் நான். எப்படியாயினும் தாங்கள் இருவரும் சேர்ந்து நெடுங்காலம் சிரித்துக்கொண்டும், சண்டையிட நேர்ந்தால் சிறிய விஷயங்களுக்கு மட்டும் சண்டையிட்டுக்கொண்டும், பற்கள் அனைத்தும் உறுதியாக வாழ மனமார வாழ்த்துகிறேன்.

தங்கள் அன்பும் பணிவும் உள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: எழுதியதை அழிப்பது எங்கள் பிரிவின் வழக்கமில்லை, திருத்தம் இருந்தால் கீழே சேர்க்க வேண்டும். ஆகவே சேர்க்கிறேன். மேலே கையொப்பமிட்ட சிறிது நேரத்தில் உறையின் ஓரம் தூக்கப்பட்டது. டாக்டர் குனிந்து பார்த்தார். "அண்ணா, உள்ள மூச்சு முட்டலையா?" என்றார். முட்டியது. இறங்கினேன். அவர் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நிபந்தனை உட்பட. அவர் வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அவர் போன்ல எப்பப் பாரு அந்த வண்டியைப் பத்தியே பேசிட்டிருந்தார். அவர் வாயை அடைக்க நான் விளையாட்டாச் சொன்னது அண்ணா அது! வண்டி வரலன்னா என்ன, நான் நடந்தே வந்துடுவேன். நாலு எட்டு வெச்சா பதிவு ஆபீஸ்" என்றார்.

பிறகு நான் எதை எதை மாற்றினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் நெறியை விளக்கினேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "பல்வலின்னு வர்றவங்களுக்கு ஒரு பல்லை அடைக்கிறேன். வலி போகலன்னு வெச்சுக்குங்க. அடைச்சதைத் தோண்டி எடுத்துட்டா அண்ணா அடுத்த பல்லைப் பாப்பேன்? ரெண்டு பல்லு சொத்தையா இருக்கக்கூடாதா?" என்றார்.

இதற்குள் என்னைத் தேடி வந்து நின்ற தங்கள் தங்கை, "அண்ணி! ஞாயித்துக்கிழமையிலிருந்து இதைத்தான் நான் சொல்றேன்!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் என்னைக் கேட்காமல் பெட்டியைத் திறந்து, புதிய மூடியையும் புதிய ரிலேயையும் சேர்த்தே பொருத்தினார்கள். டாக்டருடைய கைகள் அந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவை. "கொஞ்சம் வாயைத் திறங்க" என்று எஞ்சினிடம் சொன்னதாகக்கூட நினைவு. சாவியைத் திருப்பினார். பற்றிக்கொண்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. தங்கள் தங்கை தாவி அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது காரணம் என்று எப்படித் தெரியும்?" என்று எஞ்சின் ஒலிக்கு மேலாக நான் கேட்டேன்.

"ரெண்டும்தாங்க!" என்று தங்கள் தங்கை கத்தினாள். நான் யோசித்து, அவள் கூறியது சரி என்று ஒப்புக்கொள்ள வாயெடுத்தபோது வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. உறை என் கையில் இருந்தது.

எனவே முடிவுகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். டாக்டரிடம் தாங்கள் பக்குவமாகச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. சனிக்கிழமை தங்களை அழைக்க விமான நிலையத்திற்கு அந்த வண்டியிலேயே வருவதாக இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். இப்போதே போய்ப் பழகிக்கொள்கிறார்களாம். அதில் இருப்பது இரண்டே இருக்கைகள் என்பதைத் தொலைபேசியில் நான் சுட்டிக்காட்டினேன். "அதான் நாங்க ரெண்டு பேர் இருக்கோமே" என்றாள் தங்கள் தங்கை. நான் பேருந்தில் வந்து சேர்ந்துவிடுகிறேன். நம் இருவருக்கும் தாங்கள் ஒரு டாக்சி சொல்லிவைக்கவும்.