நான் சாப்பிட்டது நாலு ஊர் கம்ப்யூட்டருக்குத் தெரியும்

தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. குழம்பு நன்றாக இருந்தால் சொல்ல ஆளில்லை. வாயில் வைக்க முடியாவிட்டால் திட்டவும் ஆளில்லை. என் குழம்பு எப்போதும் இரண்டாவது ரகம்.

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், பழவேற்காடு ஏரிக்குள் ஒரு மணல்திட்டில் எனக்குக் காவல்காரன் வேலை கிடைத்தது. (படிப்பு? கைநாட்டுதான். அதுவும் கோணல்.) அங்கே ஒரு கொட்டகை, நாலு இரும்புக் கம்பம், நடுவே கம்பிகள். வானத்தில் நடப்பதை அந்தக் கம்பிகள் கேட்குமாம். கேட்டதைக் கொட்டகைக் கம்ப்யூட்டர் அவ்வப்போது டெலிபோன் வழியாக நாலு ஊர் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும். விண்வெளி ஆராய்ச்சிக்காரர்கள் அவரவர் ஊரில் உட்கார்ந்தே ஒரே கணக்கைப் பார்க்கலாம். இதைக் கட்டிய சார் வாரம் ஒருமுறை காலையில் சென்னையிலிருந்து வந்து மதியத்துக்குள் திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் நானும், கீச்சென்று கத்தும் அந்த டெலிபோன் பெட்டியும்தான். அதுவும் நாலு ஊரோடுதான் பேசியது, என்னோடு அல்ல.

எங்கள் மீனவ ஆட்கள் கம்பத்தைக் கண்டால் வலையைக் காயப்போட்டுவிடுவார்கள். அதைத் தடுப்பதுதான் என் வேலை.

"வலை, கயிறு, துணி எதுவும் இதுல தொங்கக்கூடாது. கணக்கு கெட்டுடும்," என்றார் சார். "நாலு ஊர்க்காரங்களும் இன்னும் நம்மள நம்பல. நம்பலன்னா கொட்டகையப் பிரிச்சிடுவாங்க. உனக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல."

வேலைக்குக் கிளம்பிய அன்று என் மனைவி தேசம்மா கண்ணைக் கசக்கினாள்.

"நீ துன்னியா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாதே."

"இன்னா பெரிய விஷயம். துன்னு முடிச்சதும் சட்டி மூடியக் கம்பத்துல மாட்றேன். வெயில்ல மின்னும். கரையில நின்னு பாரு."

மூடி வலையா? இல்லை. கயிறா? இல்லை. துணியா? இல்லவே இல்லை. (இந்த மூளையிடமிருந்து வாத்தியார்கள் தப்பித்தார்கள்.) தினமும் சோறு முடிந்ததும் அலுமினிய மூடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கம்பத்தில் ஏறி மாட்டி, கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றினேன். அக்கரையில் ஆட்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். ஒரு புள்ளியைத் தேசம்மா என்று நானே முடிவு செய்து கையாட்டினேன். ஒருநாள் அந்தப் புள்ளி பறந்து போனது. நாரை. மறுநாள் வேறு புள்ளி பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள், வழக்கமாக வராத கிழமையில் சார் வந்து இறங்கினார்.

"ஏழுமலை, தினமும் ரெண்டு மணிக்கு மேல இங்க என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆவல சார். துன்னுவேன்."

"வானத்துல கேக்கறேன்யா."

காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். ஒழுங்காகப் போன கோடு ஓரிடத்தில் பேய் பிடித்ததுபோல் ஆடியது. தினமும் அதே நேரம். நாலு ஊரிலும் சண்டையாம். சூரியனில் ஏதோ வெடிக்கிறது என்கிறார் ஒருவர். நம் கம்ப்யூட்டரே ஓட்டை என்கிறார் இன்னொருவர்.

"இன்னிக்குக் கண்டுபிடிக்கலன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்று சார் கொட்டகைக்குள் போனார். பாவமாக இருந்தது. ஆனால் என் நேரமும் ஆகிவிட்டதே. மூடியோடு ஏறினேன்.

உள்ளே கோடு குதித்திருக்க வேண்டும். சார் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா அது?"

"மூடி சார்."

"எதுக்கு?"

"துன்னுட்டேன்னு சொல்றதுக்கு."

"யாருக்கு?"

"என் பொண்டாட்டிக்கு."

மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மேலிருந்து தெரியவில்லை. பிறகு நாலு ஊருக்கும் போன் போட்டு உள்ளதைச் சொன்னார். சட்டி மூடியைக்கூடப் பிடிக்கிறதென்றால் கருவி சரிதான் என்று நம்பிவிட்டார்களாம். எங்கள் இருவர் வேலையும் தப்பியது.

அந்த வாரம், வேலைக்குச் சேர்ந்தபின் முதல்முறையாக வீட்டுக்குப் போனபோது, "மூடி மின்னுச்சா?" என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? நீ போன மறுநாள்லேர்ந்து அத்தை என்னை தினமும் மீன் கூடையோட ஆரம்பாக்கம் சந்தைக்கு அனுப்பறாங்க. நான் திரும்பறதுக்கே பொழுது சாஞ்சிடும்."

ஆக, நான் சாப்பிட்டதைப் பார்த்தது முகம் தெரியாத நாலு ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

திரும்பிப் போய் மூடி மாட்டாமல் சாப்பிட்டு முடித்தேன். பெட்டி ஓய்ந்திருந்த நேரம், டெலிபோன் மணி அடித்தது. அந்த நாலில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஓர் அம்மா.

"காவல்காரரா? இன்னிக்குக் கோடு ஆடலியே. சாப்டீங்களா?"

"துன்னேம்மா."

"என்ன குழம்பு?"

"மீன் குழம்பு. வாயில வைக்க முடியலம்மா."

அவர் சிரித்தார். நான் சிறிது நேரம் டெலிபோனைக் கீழே வைக்கவில்லை.

இப்போதும் நான் சாப்பிட்டுக் கை கழுவினால் என் மகள் விடமாட்டாள். "நாலு ஊருக்கும் சொல்லிட்டியா நைனா?"

"சொல்லிட்டேன்," என்பேன்.